குழந்தையைத் தண்ணீரில் இறக்கிவிடலாம், ஆனால் எந்தத் தண்ணீரில்?

தெரபி அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு கிடக்கும். ஐந்து வருடமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதில் உட்கார்ந்து வருகிறேன். பக்கத்தில் வந்து உட்காரும் அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்டது இந்த ஒரு கேள்விதான்: "அக்கா, டாக்டர் பையனைத் தண்ணியில விடச் சொல்றாங்க. ஹைட்ரோதெரபிக்கு நாலு தடவை போற காசுல பக்கத்துல ஸ்விம்மிங் கிளாஸ் ஒரு மாசமே போயிடலாம். எதுல சேர்க்கட்டும்?"

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, அதாவது பெருமூளை வாதத்தில் இரண்டு கால்களும் இறுகிப்போகும் வகை. நான்கு வயதில் வாக்கர் பிடித்தான். இப்போது வீட்டுக்குள் தனியாக நடக்கிறான், வெளியே போனால் கை வேண்டும். ஹைட்ரோதெரபி (பிசியோ கூடவே இறங்கி வெந்நீர்க் குளத்தில் தரும் பயிற்சி), குழு நீச்சல் வகுப்பு, தனிக் கோச், கோபிப் பக்கம் எங்கள் அப்பாவின் தோட்டத்துத் தொட்டி என்று நான்கு இடத்திலும் அவனை இறக்கிப் பார்த்துவிட்டோம். நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை. உங்கள் குழந்தையின் தசையும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எங்கே எவ்வளவு செலவாகிறது, எது மூன்றாவது மாதத்தில் நின்றுபோகிறது, யாரிடம் என்ன கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

விலையை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் தப்பான இடத்தில் போய் நிற்போம். நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

எதற்காகத் தண்ணீர்? "கை கால் நல்லா வரணும்" என்பது ஆசை, அதை வைத்து எதையும் அளக்க முடியாது. தொடை இறுக்கம் தளர வேண்டுமா, கழுத்தும் முதுகும் நிற்க வேண்டுமா, மூச்சு நீள வேண்டுமா, அடி எடுத்துவைத்துப் பழக வேண்டுமா, இல்லை, மற்ற பிள்ளைகளோடு ஒரு இடத்தில் சந்தோஷமாக விளையாட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. பெருமூளை வாதம் என்றால் பிசியோவிடம் குழந்தை ஐந்து நிலைகளில் எந்த நிலை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நிலை தடையில்லாமல் நடக்கும் குழந்தை, மூன்றாவது நிலை வாக்கரோ கைத்தடியோ பிடித்து நடக்கும் குழந்தை, ஐந்தாவது நிலை எல்லா இடத்துக்கும் வீல்சேரில் கொண்டுபோக வேண்டிய குழந்தை. அந்த எண் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும்.

தண்ணீர் என்ன சூடு? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நானும் முதலில் கேட்கவில்லை. தெரபி குளம் பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நீச்சல் போட்டிக் குளத்துக்கான விதி 25 முதல் 28 டிகிரி. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒல்லியான, அதிகம் அசையாத குழந்தை 27 டிகிரியில் கால் மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும், நடுங்கினால் இறுக்கம் கூடும். எதைத் தளர்த்தப் போனோமோ அதையே இறுக்கிக்கொண்டு திரும்பி வருவோம்.

தண்ணீருக்குள் குழந்தையோடு நிற்பது யார்? கரையில் விசில் ஊதிக்கொண்டு நிற்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மொத்தச் செலவு என்ன? கட்டணம், ஆட்டோ, விடுப்பு, அப்புறம் தண்ணீருக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அதிகம்.

எத்தனை மாதம் தொடர முடியும்? பத்து நாள் அமர்க்களமாகப் போய் நின்றுவிடுவதைவிட, வாரம் ஒரு நாள் என்று இரண்டு வருடம் போவது எவ்வளவோ மேல்.

தண்ணீர் உண்மையில் என்ன செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இது ரொம்ப ஊதிப்போய் வருகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் குழந்தையின் கால் தாங்குவது எடையில் ஏறத்தாழ பாதி. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் எழுந்து நிற்க முடியாத பிள்ளை தண்ணீரில் நிற்பது இதனால்தான். விழுந்தாலும் மெதுவாகத்தான் விழும், அதனால் பயமில்லாமல் பத்து தடவை முயன்று பார்க்கும். எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் நெஞ்சை அமுக்குவதால் மூச்சு இழுக்கும் தசைகளுக்கும் வேலை கிடைக்கிறது. இதுவே நுரையீரல் பலவீனமான குழந்தைக்குத் திணறலாகவும் ஆகலாம், அதனால் அவர்களை டாக்டரைக் கேட்காமல் ஆழத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

தண்ணீர் செய்யாததும் ஒன்று உண்டு. எலும்பு கெட்டிப்படுவதற்கு உடம்பின் எடை அதன் மேல் இறங்க வேண்டும், மிதக்கும்போது அது நடப்பதில்லை. நீச்சல் மட்டுமே செய்கிறவர்களின் எலும்பு அடர்த்தி, ஓடிக் குதித்து விளையாடுகிறவர்கள் அளவுக்குக் கூடுவதில்லை. எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைக்கும் இது பொருந்தும், நீச்சலோடு தரையில் ஓட்டமும் வேண்டும். நிற்கவே சிரமப்படும் நம் பிள்ளைகளுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும், ஆகவே ஸ்டாண்டிங் பிரேமில் (குழந்தையைப் பிடித்து நிமிர்ந்து நிற்க வைக்கும் சட்டம்) நிற்கும் நேரத்தை வெட்டித் தண்ணீருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

## ஹைட்ரோதெரபி: பிசியோ தண்ணீருக்குள் இறங்கிச் செய்வது

வெதுவெதுப்பான சின்னக் குளம், ஒரு குழந்தைக்கு ஒரு பிசியோ, 30 முதல் 45 நிமிடம். முதல் பத்து நிமிடம் வெறுமனே மிதக்க விட்டு, இடுப்பைப் பிடித்து மெதுவாக இரண்டு பக்கமும் அசைப்பார்கள். என் மகனின் தொடைகள் அந்தப் பத்து நிமிடத்தில் தளர்வதை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டில் நான் அரை மணி நேரம் ஸ்ட்ரெச்சிங் செய்து, அவன் அழுது, நானும் அழுது வராத தளர்ச்சி அது. அப்புறம் நிற்க வைத்து, ஒரு காலில் எடையை மாற்றி, அடி எடுத்துவைக்கச் சொல்லி, படி ஏற வைத்து, கடைசியில் விளையாட்டு.

ஆனால் அந்தத் தளர்ச்சி நிரந்தரம் இல்லை. தண்ணீரை விட்டு வெளியே வந்தபின் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். எங்கள் பிசியோ மேடம் முதல் நாளே சொன்னது: "குளத்துல நான் செய்யறது பாதிதான். துவட்டின உடனே ஏ.எஃப்.ஓ (கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் கால் சட்டம்) போட்டு நிக்க வைங்க, அந்த நேரத்தை ஆட்டோல தூங்க விட்டுடாதீங்க." முதல் இரண்டு மாதம் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. குழந்தை களைத்துவிட்டான் என்று மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வீடு வந்து சேர்வேன். அது புரிந்து, குளத்தின் வராந்தாவிலேயே இருபது நிமிடம் நிற்பதும் நடப்பதும் என்று மாற்றிய பிறகுதான் அவன் வாக்கரை விட்டுக் கை நீட்ட ஆரம்பித்தான். தண்ணீரில் கிடைத்ததைத் தரையில் கால் பதித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

செலவைப் பார்ப்போம். நாங்கள் ஒரு செஷனுக்கு 1,000 ரூபாய் கொடுத்தோம். வாரம் இரண்டு, மாதம் எட்டு, 8,000. போக வர ஆட்டோ 400 வீதம் 3,200. ஆக 11,200. அதன் மேல் எனக்கு எட்டு அரை நாள் விடுப்பு. இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். எனக்குத் தெரியாமல் போன செலவு வேறு. எங்கள் கையில் இருந்த பணத்துக்கு வாரம் மூன்று தெரபிதான் முடியும், அதில் இரண்டைத் தண்ணீருக்குக் கொடுத்ததால் தரைப் பயிற்சி ஒன்றாகக் குறைந்துபோனது. அந்த மூன்று மாதத்தில் அவன் கெண்டைக்கால் தசை மறுபடி இறுகியது. யாரும் எங்களை எச்சரிக்கவில்லை.

இன்னொன்று, பாக்கேஜ். ஓரிடத்தில் 24 செஷனுக்கு முன்பணம் கட்டினேன். ஆறாவது செஷனிலிருந்து பிசியோ இறங்குவதே இல்லை, உதவியாளர்தான் இறங்கினார். நல்ல பெண், அன்பான பெண், ஆனால் அவருக்கு மிதக்க வைக்கத்தான் தெரியும். பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைக்கவில்லை. அதனால் கட்டுமுன் கேளுங்கள்: ஒவ்வொரு முறையும் யார் இறங்குவார், விட்டுப்போன செஷனுக்கு என்ன கணக்கு, மூன்று மாதம் கழித்து எதை அளந்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். "நடக்க வைத்துவிடுவோம்" என்று உறுதி தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெருமூளை வாதத்துக்கு நீர்ப்பயிற்சி உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கைக் குழந்தைகளை வைத்துச் செய்தவை. பலன் உண்டு என்று நம்பலாம், உத்தரவாதம் தரும் அளவுக்கு யார் கையிலும் ஆதாரம் இல்லை.

பணத்துக்கு ஒரு வழி: மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தொடர் தெரபிக்கும் அதற்குள் ஒரு தொகை உண்டு. ஹைட்ரோதெரபி பில்லில் "பிசியோதெரபி" என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகட்டத் தலையீட்டு மையத்தில் தரைப் பயிற்சி இலவசம். அங்கே தரைப் பயிற்சியை வைத்துக்கொண்டு, கையில் உள்ள பணத்தைத் தண்ணீருக்குச் செலவழிப்பது நல்ல ஏற்பாடு, இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

## குழு நீச்சல் வகுப்பு

இங்கே மாதம் 2,500 கொடுத்தோம். வாரம் ஐந்து நாள், ஒரு மணி நேர பேட்ச், பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு கோச். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 125 ரூபாய், ஹைட்ரோதெரபியோடு பார்த்தால் எட்டில் ஒரு பங்கு.

வேறு சிரமம் இல்லாத குழந்தைக்கு இதில் யோசிக்கவே வேண்டியதில்லை, சேர்த்துவிடுங்கள். நான்கு வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகள் முறையாகக் கற்கத் தயாராகிவிடுவார்கள். இதயத்துக்கும் மூச்சுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் நல்லது, மூட்டுக்குச் சுமை இல்லை, குண்டான பிள்ளை ஓட வெட்கப்பட்டாலும் தண்ணீரில் வெட்கப்படாது. அதற்கும் மேலே உயிர்ப் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கிணறும் ஏரியும் வாய்க்காலும் உள்ள ஊரில் வளரும் பிள்ளைக்கு மிதக்கத் தெரிவது எழுதப் படிக்கத் தெரிவது போல.

லேசான தாமதம் உள்ள குழந்தைக்கும் இது பொருந்தலாம். நடை கொஞ்சம் தடுமாறும், தசை கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஆனால் சொன்னதைக் கேட்டு வரிசையில் நிற்க முடியும் என்றால் குழுவின் உற்சாகமே பாதி மருந்து.

என் மகனுக்குப் பொருந்தவில்லை. மூன்றாவது நாள், எல்லோரும் கிக் போர்டு பிடித்துக் காலடித்துக்கொண்டிருக்க, இவனைச் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே. இருபது நிமிடம் அப்படியே நின்றான். உதடு நீலம் பாய்ந்துவிட்டது, கால்கள் கத்தரி போல ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொண்டன. தூக்கிக்கொண்டு வந்து துவட்டும்போது, "அம்மா, நான் நல்லா புடிச்சுக்கிட்டேன்ல" என்றான். கோச் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்ற பதினான்கு பிள்ளைகளையும் உயிரோடு கரை சேர்ப்பதும் அவர் வேலை. அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டது நான்.

பொதுக் குளங்கள் நீந்துகிறவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசியப் போட்டிகளை ஒட்டிக் கட்டப்பட்டது. அந்த ஆழமும் சூடும் போட்டி வீரருக்கானவை. சித்திரை வைகாசியில் திறந்தவெளிக் குளம் வெயிலில் நன்றாகவே சூடேறும், சிலிர்க்கிற குழந்தைக்கும் தாங்கும். கார்த்திகை மார்கழியில் அதே குளம் ஆகாது. ஆகவே கோடை மூன்று மாதம் மட்டும் குழு வகுப்பு என்பதும் ஒரு வழிதான்.

குளத்தைப் பார்க்கப் போனால் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். கண்ணை எரிக்கும் நெடி அடித்தால் குளோரின் நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைப்போம். உண்மையில் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி நெடி அடிக்கும், நல்ல குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பி.ஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8, இரண்டையும் எழுதும் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமான இடத்தில் அடித்தரையின் வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், மூழ்கிய குழந்தையும் தெரியாது.

## தனிக் கோச்: ஒரு குழந்தைக்கு ஒரு ஆள்

இதை ஏன் பலரும் யோசிப்பதில்லை என்று எனக்கு வருத்தம். நீச்சல்தான், தெரபி என்று பெயர் இல்லை. ஆனால் ஒருவர் முழுக்க உங்கள் குழந்தையோடு தண்ணீருக்குள் இருப்பார். நாங்கள் ஒரு வகுப்புக்கு 600 கொடுக்கிறோம்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு, ஹாலிவிக் முறை. 1949இல் லண்டன் சவுத்கேட்டில் இருந்த ஹாலிவிக் என்ற மாற்றுத்திறன் சிறுமிகளுக்கான பள்ளியில் ஜேம்ஸ் மெக்மில்லன் தொடங்கியது. அவர் டாக்டர் இல்லை, நீரியக்கம் படித்த பொறியாளர். அதனால்தானோ என்னவோ, "இந்தக் குழந்தைக்கு என்ன நோய்" என்று கேட்காமல் "இந்த உடம்பு தண்ணீரில் எப்படி உருளும், அதை எப்படி நிறுத்தும்" என்று யோசித்தார். ஒரு பக்கம் இறுகிய குழந்தை மிதக்கும்போது அந்தப் பக்கமாகவே உருண்டுபோகும். அதைத் தானாகத் திருத்திக்கொள்ளப் பழக்குவதுதான் பாடத்தின் பெரும்பகுதி. பத்துப் படிகள், காற்றடைத்த மிதவை எதுவும் கிடையாது, ஒரு குழந்தைக்கு ஒருவர். முதல் படியிலேயே முகத்தில் தண்ணீர் பட்டால் ஊதப் பழக்குவார்கள். என் மகன் அந்த ஊதலைக் கற்க ஆறு வகுப்பு ஆனது. 3,600 ரூபாய்க்கு ஊதக் கற்றிருக்கிறான் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவன் கழுத்து பயத்தில் பின்னால் வளைவது நின்றது, மல்லாக்க மிதந்தான். எட்டாவது மாதம் என் கை படாமல் நான்கு மீட்டர் போனான்.

ஹாலிவிக் முறையில் பயின்றவர் நம் ஊரில் எளிதில் கிடைக்க மாட்டார். பரவாயில்லை, பொறுமையுள்ள ஒரு கோச்சும், அவரோடு முதல் நாள் வந்து எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த அசைவு வேண்டாம் என்று காட்டிக் கொடுக்கும் ஒரு பிசியோவும் இருந்தால் போதும். பிசியோவின் அந்த ஒரு நாள் கட்டணத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கள் கோச் தம்பி, "அக்கா, இவனுக்கு ஃப்ரீஸ்டைல் வேண்டாம், கால் அடிக்கச் சொன்னா மாட்டிக்குது, மல்லாக்கப் போகட்டும்" என்று தானாகச் சொன்னது பிசியோ வந்து காட்டிய பிறகுதான்.

இதிலும் வெளியே தெரியாத செலவு உண்டு. தனி வகுப்பு என்றால் கூட்டம் இல்லாத நேரம்தான் கிடைக்கும், மதியம் இரண்டு மணி அல்லது இரவு எட்டு மணி. பள்ளியோ தூக்கமோ அடிபடும். கோச் வேலை மாறிப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, எதிர்பார்ப்பு. இது மூட்டைத் தளர்த்தும் சிகிச்சை இல்லை, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டபின் செய்யும் தீவிரப் பயிற்சிக்கு மாற்றும் இல்லை.

ஆனால் ஒரு குழந்தை "நான் நீந்துறேன்" என்று சொல்ல முடிவதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. "தெரபிக்குப் போறேன்" என்று எந்தக் குழந்தையும் பள்ளியில் பெருமையாகச் சொல்லாது. சென்னையில் வாழ்ந்த மாதவி லதா கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்தவர். வளர்ந்து வங்கி வேலையில் இருந்தபோது உடல்நிலை மோசமாகி, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தண்ணீரில் இறங்கினார். சிகிச்சையாகத் தொடங்கியது நீச்சலாகி, தேசிய அளவில் மாற்றுத்திறனாளிகள் போட்டியில் பதக்கம் வென்றார், பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை நடத்தும் அளவுக்குப் போனார். சிகிச்சைக்கும் நீச்சலுக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதற்காகத்தான் அவரைச் சொல்கிறேன்.

## ஊர்த் தொட்டி, கிணறு, வீட்டு டப்

எங்கள் தலைமுறை சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் விழுந்து நீச்சல் கற்றது. என் அண்ணன் லாரி டியூபில் கற்றான். கை கால் வலுவாக உள்ள பிள்ளைக்கு, நீச்சல் தெரிந்த ஒரு மாமா பக்கத்தில் இருந்தால், இன்றும் அது நல்ல வழிதான். சிரமம் உள்ள பிள்ளையைக் கிணற்றில் இறக்க வேண்டாம், படியில் ஏற்றி இறக்குவதே ஆபத்து.

பம்புசெட் தொட்டி வேறு. மார்கழிக் காலையில் போர்வெல்லிலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அது எங்களுக்குக் காசில்லாத வெந்நீர்க் குளம். அப்பா முந்தைய நாளே பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுவார். காலையில் நிரப்பி, இடுப்பளவில் அவர் உட்கார்ந்துகொள்வார், பேரன் மடியில். "அப்பாரு, விடுங்க, நான் நிக்கிறேன்" என்று அவன் தொட்டிச் சுவரைப் பிடித்து நடந்ததை நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

இங்கே கட்டணம் கிடையாது, கவனம்தான் செலவு. பாசி வழுக்கும். மோட்டார் பக்கம் மின்கசிவு வரும், அதனால் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி மெயினையும் அணைத்த பிறகுதான் குழந்தை இறங்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் விடக் கூடாது. மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா தேங்கிய, சூடேறிய நன்னீரில் வளரும். 2024இல் கேரளத்தில் ஆற்றிலும் குளத்திலும் குளித்த பிள்ளைகள் இதனால் இறந்தார்கள். அன்றன்று கழுவி, அன்றன்று நிரப்பி, குளித்ததும் வயலுக்குத் திறந்துவிடுவதுதான் சரி. வருடத்தில் இருபது நாள் விடுமுறைக்குத்தான் இது, ஆனால் அந்த இருபது நாளை வீணாக்க வேண்டாம்.

வீட்டில் காற்றடைத்த டப் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். உட்காரப் பழகவும், தண்ணீர் பயம் போகவும் வாங்கலாம். நிற்கவோ மிதக்கவோ இடம் போதாது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

## கழுத்து வளையம்: இதை மட்டும் வேண்டாம்

நகரங்களில் கைக்குழந்தைகளுக்கான "பேபி ஸ்பா"க்கள் வந்திருக்கின்றன, கழுத்தில் காற்று வளையத்தை மாட்டிக் குழந்தையைத் தொட்டியில் தொங்க விடுகிறார்கள். வளர்ச்சிக்கு நல்லது என்று சொல்லி, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடமும் விற்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் இந்த வளையங்களை நீர்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்குக் குறிப்பாக வேண்டாம் என்று எச்சரித்தது. ஒரு குழந்தை இறந்த பிறகு வந்த எச்சரிக்கை அது. கழுத்து நிற்காத குழந்தையின் முழு எடையும் கழுத்தில் தொங்குவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தைக்கு அம்மாவின் கையும் ஒரு தொட்டி வெந்நீரும் போதும்.

## ஒரே பார்வையில்

| | ஹைட்ரோதெரபி | குழு வகுப்பு | தனிக் கோச் | ஊர்த் தொட்டி |
|---|---|---|---|---|
| தண்ணீர் | வெதுவெதுப்பு, எப்போதும் ஒரே சூடு | குளிர்ச்சி, பருவத்துக்கு மாறும் | பெரும்பாலும் குளிர்ச்சி | மார்கழியில் வெதுவெதுப்பு |
| கூட இருப்பவர் | பிசியோ | கரையில் கோச் | தண்ணீருக்குள் கோச் | வீட்டு ஆள் |
| நாங்கள் கொடுத்தது | செஷனுக்கு 1,000 | மாதம் 2,500 | வகுப்புக்கு 600 | ஒன்றும் இல்லை |
| வெளியே தெரியாத செலவு | தரைப் பயிற்சி குறைவது, பாக்கேஜ் | குளிர், காத்து நிற்பது | நேரம், ஆள் மாறுவது | பாசி, மின்சாரம், கிருமி |
| எவ்வளவு நாள் தொடரும் | மூன்று நான்கு மாதத் தவணைகளாக | வருடக் கணக்கில் | வருடக் கணக்கில் | விடுமுறையில் மட்டும் |

## சரி, யாருக்கு எது?

இறுக்கம் அதிகம், உட்காரவோ நிற்கவோ பிடிமானம் வேண்டும், அல்லது அறுவை சிகிச்சை முடிந்து காயம் முழுக்க ஆறிவிட்டது என்றால் ஹைட்ரோதெரபிதான், வேறு யோசனை வேண்டாம். அதையும் முடிவில்லாமல் போகாமல் மூன்று மாதம் என்று வைத்து, அளந்து பார்த்து, இடைவெளி விட்டு மறுபடி போகலாம். டுஷேன் போன்ற தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் மிகப் பொருத்தம், ஆனால் களைக்கும்வரை செய்யக் கூடாது, போட்டி போட வைக்கக் கூடாது.

பிடிமானத்தோடு நடக்கும், பேசினால் புரிந்துகொள்ளும் குழந்தை என்றால், பத்துப் பன்னிரண்டு ஹைட்ரோதெரபி செஷன் முடித்துவிட்டுத் தனிக் கோச்சுக்கு மாறுங்கள். கையில் பணம் குறைவு என்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். மூன்று மாதத்தில் முடியும் ஒரு செலவு, அதற்குப் பிறகு வாரம் ஒரு வகுப்பு.

ஆட்டிசம் உள்ள, தண்ணீர் என்றால் கொள்ளை ஆசையுள்ள குழந்தைக்குக் குழு வகுப்பின் இரைச்சல்தான் தடை. தனிக் கோச், அமைதியான நேரம், பிறகு மெல்ல கூட்டத்துக்கு. இவர்களுக்கு நீச்சல் கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் தண்ணீரைத் தேடிப் போய்விடுகிற பிள்ளைகள் இவர்கள்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குத் தளர்ந்த தசை வலுப்பெறக் குழு வகுப்பே போதுமானதாக இருக்கலாம். ஆனால் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் இணைப்பு உறுதியில்லாமல் இருக்கும், தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. சேர்க்குமுன் டாக்டரிடம் கழுத்தையும் இதயத்தையும் பற்றிக் கேட்டுவிட்டு, கோச்சிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வலிப்பு கட்டுக்குள் இல்லாத குழந்தை, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த குழந்தை, காது ஒழுகும் குழந்தை, ஆறாத புண் உள்ள குழந்தை, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள குழந்தை இவர்களில் யாரையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை எந்தத் தண்ணீரிலும் இறக்க வேண்டாம். வலிப்பு மருந்தில் கட்டுக்குள் உள்ள பிள்ளை நீந்தலாம், ஆனால் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு ஆள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை நம்பி யாரும் திரும்பிப் போனைப் பார்க்காதீர்கள், கழன்றுபோகும், காற்றும் இறங்கும். மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும்.

எங்கள் வீட்டில் இப்போது செவ்வாயும் வெள்ளியும் அரசு மையத்தில் தரைப் பயிற்சி. ஞாயிறு காலை தனிக் கோச். உடம்பு துவட்டியதும் வராந்தாவில் ஏ.எஃப்.ஓ போட்டு இருபது நிமிட நடை, அதற்குப் பிறகுதான் இட்லி. தை பிறந்ததும் மூன்று மாதம் மறுபடி ஹைட்ரோதெரபிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறோம், கெண்டைக்கால் என்ன அளவு என்று முதல் நாளே குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.